ஆறாம் மாதத்துப் படிவம்

நவம்பர் 4, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. பதினெட்டு வருஷம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் குப்பை கொட்டியவளுக்கு நாற்பத்தாறு வயதில் ஆஸ்பத்திரி வேலை. இருதயப் பிரிவின் கடைசியில் ஒரு சின்ன அறை. முன்பு போர்வை அடுக்கி வைத்திருந்த இடமாம், இன்னும் டெட்டால் வாசனை போகவில்லை. ஒரு மேஜை, ஒரு போன், நூற்று அறுபது பேருடைய பெயரும் நம்பரும்.

அத்தனை பேரும் இருதயக் குழாயில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைக்காமல், மருந்து தடவிய பலூனை மட்டும் உள்ளே விட்டு விரித்து அடைப்பை விலக்கிக்கொண்டவர்கள். டாக்டர் தியாகேசன் சார் தன் மேல்படிப்புக்காக இவர்களைத் தொடர்ந்து கவனிக்கிறார். பலூன் வைத்து ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில் எத்தனை பேர் சௌக்கியமாக இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் குழாய் மறுபடி சுருங்கிவிட்டது, எத்தனை பேர் போய்விட்டார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். போன் போட்டுக் கேட்டுப் படிவத்தில் எழுதுவது என் வேலை. ஆறே கேள்விகள். சாருக்கு முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். என்னை "எப்சிபா மேடம்" என்கிறார். பெயரைத் தப்பில்லாமல் சொன்னதற்கே அவரைப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. ஊரார் இருதயத்தையெல்லாம் பார்க்கப் போகிறவள் முதலில் மிக்ஸியைப் பார் என்கிறார் இவர். கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு இவருக்கு வாய் கூடிவிட்டது.

நவம்பர் 8, வெள்ளி

நம் ஊர் மக்களிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. "எப்படி இருக்கீங்க" என்றால் காய்ச்சலில் கிடக்கிறவர்கூட "நல்லா இருக்கேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார். பிறகு மகள் வீட்டுச் சண்டை, மழை, குளத்துத் தண்ணீர். முதல் கேள்வி, நெஞ்சு வலி உண்டா இல்லையா. அதற்கு ஒரு டிக் போடப் பத்து நிமிஷம் ஆகிறது.

எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் பாதிக் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறார். எனக்கு அது ஆகாது. கடைசியில் "பிற குறிப்புகள்" என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது, அதில் யாருமே எதுவும் எழுதவில்லை. நான் எல்லாவற்றிலும் "ஒன்றுமில்லை" என்று அழகாக எழுதிவிடுகிறேன். சார் என் படிவங்களைப் பிரிவின் பெரிய டாக்டரிடம் காட்டி, பாருங்கள் ஒரு கட்டம் காலி இல்லை என்றாராம். நர்ஸ் வந்து சொன்னாள்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று பத்தொன்பது பேர். பிரமாதமான ஆள் 87ஆம் நம்பர். பெயர் ஆவுடையப்பன், அறுபத்தொரு வயது, களக்காடு போகிற பாதையில் பத்தலாங்குளம் என்ற ஊரில் சைக்கிள் கடை. ஆறாம் மாதத்துப் போன். தனக்குப் பலூன் வைத்ததை ஊரில் எல்லாருக்கும் டியூபைக் காட்டி விளக்குகிறாராம். உள்ளே விட்டு, காற்றடித்து, விரிந்ததும் காற்றை இறக்கி வெளியே எடுத்துவிடுவது, அவ்வளவுதானே, நான் நாற்பது வருஷமாகச் செய்கிறேன், எனக்கு ஒருத்தரும் டாக்டர் பட்டம் தரவில்லையே என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நெஞ்சு வலி உண்டா என்று கேட்டேன். வலியெல்லாம் இல்லை, வாய்வுதான் என்றார். கைப்பம்பு அடிக்கும்போது பத்து அடிக்குள் நெஞ்சை அமுக்குகிறதாம், உட்கார்ந்தால் விட்டுவிடுகிறதாம். வீட்டில் சொல்லிவிடாதீர்கள், கோமு பயந்துவிடுவாள் என்று வேறு சொன்னார். மனைவி மேல் அத்தனை பயம் போலிருக்கிறது. நான் எதற்கு உங்கள் வீட்டில் சொல்லப் போகிறேன் என்றேன். எங்கள் வீட்டுக் கைமருந்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஓமம் ஒரு ஸ்பூன் வறுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பாதியாக வற்றியதும் வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாக அதுதான் கேட்கிறது. எழுதிக்கொள்ளுகிறேன் என்று பேனா தேடினார்.

டிக்: இல்லை. பிற குறிப்புகள்: ஒன்றுமில்லை.

நவம்பர் 20, புதன்

மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை தருகிறானாம்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் ஆராதனை. மத்தியானம் கோழிக்குழம்பு, பிறகு நல்ல தூக்கம். ஐந்து மணிக்கு எழுந்து துணி மடித்தேன். விசேஷம் ஒன்றுமில்லை.

ஜனவரி 30, வியாழன்

ஆறாம் மாதப் படிவங்கள் எல்லாம் முடிந்தன. நூற்று அறுபது பேரில் ஏழு பேருக்குத்தான் மறுபடி நெஞ்சு வலி. சார் மதுரையில் ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் இதைப் பேசிவிட்டு வந்து எனக்கு அரைக் கிலோ மைசூர்பாகு கொடுத்தார். பெரிய டாக்டர் மட்டும் "இவ்ளோ நல்லாவா இருக்கு?" என்று இரண்டு முறை கேட்டாராம். ஏன், நம் ஊர்க்காரர்கள் நன்றாக இருந்தால் ஆகாதா? எனக்குச் சுருக்கென்றது. நான் ஒவ்வொருவரிடமும் என் வாயால் கேட்டு எழுதியது.

மே 20, செவ்வாய்

ஒரு வருஷப் போன்கள் நடக்கின்றன. இன்று 87. சைக்கிள் கடைக்காரரிடம் பேசலாம் என்று காலையிலிருந்தே ஒரு உற்சாகம். கடைசியாக வைத்துக்கொண்டேன்.

ஒரு பெண்குரல் எடுத்தது. ஆவுடையப்பன் சார் இருக்காங்களா என்றேன்.

"அவிய கார்த்திகை மாசமே போயிட்டாவளே தாயி."

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மொச்சைக்கொட்டையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்திருக்கிறார் அந்த அம்மா. ஆவுடையப்பன் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். மூன்றரை மணிக்கு வாய்வு பிடித்துவிட்டது என்று ஓமத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த அம்மா வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு, கொஞ்சம் தேவலை என்று கட்டிலில் சாய்ந்தவரை நாலு மணிக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. பலூன் வைத்த மனுஷனுக்கு மொச்சையைப் போட்டு வாய்வை நெஞ்சில் ஏற்றிக் கொன்றுவிட்டாள் என்று வீட்டு ஆட்கள் பேசுகிறார்களாம். பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன் குடும்பம் அன்றிலிருந்து இந்த அம்மா கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்குவதில்லையாம். மொச்சை வைக்காமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று என்னிடம் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரே போன் என்னுடையது. என்னிடம்தானே கேட்பார்?

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன்.

படிவத்தில் மரணம், தேதி, வீட்டில், எல்லாம் நிரப்பியாயிற்று.

மே 21, புதன்

மிக்ஸி மறுபடியும் போச்சு. ஓமம் தீர்ந்துவிட்டது, வாங்கவில்லை.

மே 23, வெள்ளி

87ஆம் நம்பருடைய ஆறாம் மாதப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நெஞ்சு வலி உண்டா என்று கேட்டேன், இல்லை என்று அவரே சொன்னார், இல்லை என்று எழுதினேன். நான் டாக்டர் இல்லை. படிவத்தில் இருப்பதைத்தான் கேட்க முடியும். வேறு யார் என் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

முன்வாசல் பல்பு மாற்ற வேண்டும். இவருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

மே 24, சனி

பல்பு மாற்றியாயிற்று.

மே 26, திங்கள்

நான் எழுதியதைத் திரும்பிப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இன்று மத்தியானம் இந்த நோட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, நவம்பர் 19ஐப் படித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது என்று எழுதியிருக்கிறேன். பத்து அடிக்குள் நெஞ்சை அமுக்குகிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பிரிவின் சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறது. நடந்தாலோ பாரம் தூக்கினாலோ நெஞ்சில் அமுக்கம், ஓய்வெடுத்தால் குறையும், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று போட்டிருக்கிறது. ஏழு மாதமாக அதன் கீழேதான் குடையை மாட்டுகிறேன்.

அவர் சொன்னதற்கு நான் ஓமத் தண்ணீர் சொன்னேன். டாக்டர் இல்லை என்று வெள்ளிக்கிழமை எழுதியவள், அன்றைக்கு மருந்து சொல்லும்போது டாக்டராக இருந்தேன். என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட வைத்தியத்தைத்தான் அந்த மனுஷன் கடைசியாகக் குடித்தார். அது கேட்கும் என்று நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கட்டிலில் சாய்ந்தார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 20ஆம் தேதி நான் ஆறுதல் சொல்லவில்லை. மொச்சைதான் காரணமா என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு ஓமம் என்ற சொல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைத்தால் போதும் என்றிருந்தது. "மொச்சை கொஞ்சம் வாய்வுதாம்மா, போனதைப் பேசி என்ன செய்ய" என்றேன். அதுதான் நான் சொன்னது. அவர் தலையில் ஊரார் போட்ட பழியை ஆஸ்பத்திரி பெயரில் நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சரி தாயி என்று அவரும் வைத்துவிட்டார்.

மே 27, செவ்வாய்

ஒருவரிடம் செய்தவள் ஒருவரிடம் மட்டுமா செய்திருப்பேன்? படிவங்களைப் பார்த்தால் தெரியாது, வலி என்று சொன்ன ஏழு பேரைத் தவிர எல்லாவற்றிலும் இல்லை, இல்லை, ஒன்றுமில்லை. ஆனால் போன் பேசும்போது கிறுக்குகிற ரப் நோட்டு இருக்கிறது. அதில் நம்பருக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதி வைத்திருக்கிறேன். 14, வாய்வு. 39, வாய்வு, ஏப்பம். 52, மாடி ஏறினால் நெஞ்சு கரிப்பு. எண்ணினேன். 87ஐச் சேர்க்காமல் பதினொரு பேர். எத்தனை பேருக்கு ஓமம் சொன்னேன் என்று நினைவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னேன். அதுதான் இன்னும் மோசம்.

மே 28, புதன்

சாரிடம் சொல்லத்தான் போனேன். கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தார். இதுவரை வந்த ஒரு வருஷ முடிவுகள் பெரிய டாக்டரே பாராட்டும்படி வந்திருக்கின்றனவாம். உங்கள் பெயரை நன்றியில் முதலில் போட்டிருக்கிறேன் மேடம் என்று காட்டினார். எப்சிபா என்று எழுத்துப்பிழை இல்லாமல் அடித்திருந்தது. பால் பாக்கெட் வாங்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோழை.

மே 29, வியாழன்

பதினொரு பேருக்கும் நானே போன் போட்டேன். இந்த முறை வலி உண்டா என்று கேட்கவில்லை. காலையிலிருந்து என்னென்ன வேலை செய்வீர்கள், எதைச் செய்யும்போது நிற்க வேண்டியிருக்கிறது என்று கேட்டேன். எட்டுப் பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாய்வு வாய்வாகவே இருந்திருக்கிறது. இரண்டு பேருக்குச் சந்தேகம். 131, சண்முகத்தாய், பள்ளிக்கூடச் சத்துணவுச் சமையல்காரர், ஐம்பத்தெட்டு வயது. அவருக்குச் சந்தேகமே இல்லை. குண்டானை இறக்கினால் இடது கை வரைக்கும் பிடிக்கிறதாம், ஜனவரியிலிருந்து.

நாளைக்கே வாருங்கள் என்றேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, பாத்திரமெல்லாம் கழுவ வேண்டும் என்றார். "நீதானம்மா வாய்வுன்னு சொன்ன? இப்போ நீயே வாங்குதியே" என்றும் கேட்டார். நான் சொன்னது தப்பு, தப்பு, வாங்க என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

மே 30, வெள்ளி

சண்முகத்தாய் வந்தார். அவரை உட்காரவைத்துவிட்டு சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரப் நோட்டை மேஜையில் வைத்தேன். சார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திட்டுவார் என்று நின்றேன், வேலை போகும் என்றுகூட நினைத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நூத்தி அறுபது பேர்ல ஒருத்தருக்குக்கூட நானா ஒரு போன் பண்ணல மேடம்" என்றார். பிறகு நோட்டை மூடிவிட்டு விளக்கினார். ஆறாம் மாதத்தில் அமுக்கம் என்று சொன்னவரைக் கூப்பிட்டிருந்தால் மறுபடி சோதனை செய்து, குழாய் சுருங்கியிருந்தால் மறுபடி பலூன் வைத்திருக்கலாம். பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றார். உறுதியாக ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 4, புதன்

சண்முகத்தாய்க்கு ஆஞ்சியோ எடுத்தார்கள். பலூன் வைத்த அதே இடத்தில் மறுபடி சுருங்கியிருந்தது. முக்கால்வாசி அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மாலையில் போய்ப் பார்த்தேன். சத்துணவுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று என்மேல் எரிந்து விழுந்தார். திட்டு வாங்க இதமாக இருந்தது. பிழைத்துக் கிடக்கிறவர்தானே திட்ட முடியும்.

சந்தேகப்பட்ட மற்ற இருவருக்கும் பயப்பட ஒன்றுமில்லை. சார் முடிவுகளை முதலிலிருந்து எழுதுகிறார்.

ஜூன் 6, வெள்ளி

பத்தலாங்குளம் போக வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். சாரிடம் சொன்னாயே, அது போதாதா என்றார். "செத்தவரு திரும்பி வரவா போறாரு? நீயா போயி எதுக்கு மாட்டிக்கிடுத?" என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், தெரிகிறது. அந்த அம்மா இன்னும் மொச்சை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து, காலை ஏழு இருபதுக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதில் போனால் வெயிலுக்கு முன் திரும்பலாம் என்றார். எந்த ஊருக்கு எந்த பஸ் என்று இவருக்கு இன்னும் மனப்பாடம்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ஏழு இருபது பஸ்.

சைக்கிள் கடை பஸ் நிற்கிற இடத்திலேயே இருக்கிறது. பூட்டிக் கிடந்தது. கைப்பம்பு மட்டும் வெளியே தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது, ஊர்ப் பிள்ளைகள் வந்து அடித்துக்கொள்வதற்கு. இரண்டாவது தெருவில் வீடு. கோமு அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பெயரைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி தாயியா, இவ்வளவு தூரம் வந்தீர்களே என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு, "என் கையால குடிப்பியளா?" என்றார். குடிப்பேன் என்றேன். குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குடித்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மொச்சை காரணமே இல்லை அம்மா என்று ஆரம்பித்தேன். பலூன் வைத்த குழாய் மறுபடி சுருங்கியிருக்க வேண்டும், அதற்கான அடையாளத்தை அவர் பன்னிரண்டு நாளைக்கு முன்பே போனில் என்னிடம் சொன்னார், நான்தான் அதை எழுதாமல் விட்டேன், ஓமத் தண்ணீர் சொன்னதும் நான்தான், அன்றைக்கு நீங்கள் கேட்டபோது மொச்சை வாய்வுதான் என்று சொன்னது என் பயத்தில் சொன்ன பொய் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அழக்கூடாது என்று வந்தேன், அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"என்னைக்கு சொன்னாவ?"

"நவம்பர் பத்தொம்போது. செவ்வாக்கிழம."

"என்னன்னு சொன்னாவ?"

சொன்னேன். கைப்பம்பு, பத்து அடி, அமுக்கம், உட்கார்ந்தால் விட்டுவிடுவது.

அவர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை ரேஷன் கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வந்தேன், அவர்கள் சைக்கிள் கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்காவ."

நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவர் ஒங்கிட்ட என்றார். அதற்கு நான் தகுதியானவள்தான்.

எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டார். சங்கரபாண்டி என்று பெயர், அண்ணன் ஜாடையாம். அவர் மனைவியும் பின்னால் வந்து படியில் நின்றாள். "எங்கிட்ட சொன்னத இவியகிட்டயும் சொல்லு" என்றார் கோமு அம்மாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது முறை அழுகை வரவில்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்தால் வருமே, அந்தக் கூச்சம்.

"அப்போ மொச்சைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டார் சங்கரபாண்டி.

"இல்ல. எந்தச் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் என்னை ஏசினார். எங்கள் அண்ணன் உயிர் உனக்கு விளையாட்டா என்று கேட்டார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். மதினியிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் பேசிய பேச்சுக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவிதான் கொஞ்ச நேரம் நின்று, நான் குடித்து வைத்த டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். கோமு அம்மாள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பும்போது, "அந்தத் தாள இப்ப என்ன செய்வ?" என்று கேட்டார்.

"மாத்தி எழுதுவேன்."

"எழுதிட்டு எனக்கு போன் போடு."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் தனியாகத்தான் வந்தேன். ஒரு பையன் தூணில் இருந்த பம்பை அடித்துக்கொண்டிருந்தான். என்னையறியாமல் எண்ணினேன்.

ஜூன் 9, திங்கள்

பழைய எழுத்தை அழிக்கக்கூடாதாம். ஒரே கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்று சார் காட்டிக்கொடுத்தார். 87, ஆறாம் மாதம். நெஞ்சு வலி, "இல்லை" மேல் கோடு. "உண்டு." எப்சிபா ஞானராஜ், ஜூன் 9.

பிற குறிப்புகளில் "ஒன்றுமில்லை" மேலும் ஒரு கோடு. இந்த நோட்டின் நவம்பர் 19ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் குரலைக் காதில் கொண்டுவந்து, அவர் சொன்னபடியே எழுதினேன். பெரிய கட்டம்தான், நிறைந்துவிட்டது.

பதினொரு மணிக்கு பத்தலாங்குளத்துக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"எழுதியாச்சும்மா."

"என்ன எழுதியிருக்க? வாசி."

வலி உண்டு என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். அது இல்ல, அவிய சொன்னத வாசி என்றார். கடைசி வரியை வாசிப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். இனி ஒரு வார்த்தையையும் விட எனக்கு உரிமை இல்லை. அப்படியே வாசித்தேன்.

"வலியெல்லாம் இல்லம்மா, வாய்வுதான். கைப்பம்பு அடிச்சேம்னா பத்து அடிக்குள்ள நெஞ்ச அமுக்குது. செத்த உக்காந்தா விட்டுருது. வீட்ல சொல்லிராதிய, கோமு பயந்துருவா."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. தூரத்தில் சேவல் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவ வாசி" என்றார்.

வாசித்தேன்.